பிள்ளை பார்க்கும் வீட்டுக்குச் சொல்லாமல் ஒரு வருகை

வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு பெண், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிறு வியாபாரிகளுக்கான ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. மாவு கெட்டு யாருக்காவது வயிற்றுக்கோளாறு வந்தால் கேட்க ஓர் அலுவலர் இருக்கிறார். அவர் சொல்லாமல் வந்தும் பார்க்கலாம். அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி இன்னொரு பெண், காலை எட்டு மணி முதல் இரவு ஏழு மணி வரை ஆறு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்று வையுங்கள். அவர் எங்கும் பதிவு செய்வதில்லை. அந்த வீட்டுக்குள் போய்க் குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பதை வேலையாகக் கொண்ட அலுவலர் யாரும் இல்லை.

மாவுக்கு இருக்கும் காப்பு மழலைக்கு இல்லை. இதை மாற்ற வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை. கோவையிலும் கொங்கு மண்டலம் முழுவதிலும் பிள்ளை பார்க்கும் வீடுகள் எளிய முறையில் பதிவு செய்யப்பட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது, முன்கூட்டிச் சொல்லாமல், பொறுப்புள்ள ஒருவர் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். அந்த வருகையைக் கண்டு நல்ல மனத்தோடு பிள்ளை பார்க்கும் பெண் ஒருவர்கூட அஞ்சாதபடி அதை நடத்த வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் பயன் உண்டு. முதல் இரண்டை மட்டும் செய்துவிட்டு மூன்றாவதை மறந்தால், இன்றைக்குத் தெரிகிற வீடுகளும் நாளைக்கு மறைந்துகொள்ளும்.

வேலைக்கு ஓடும் ஊர்

இந்த வீடுகள் ஏன் வந்தன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று மத்திய அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு காட்டியிருக்கிறது. அதில் கொங்கு நாட்டின் பங்கு பெரியது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தையலும் செக்கிங்கும் பேக்கிங்கும் பெண்களின் கைகளில் நடக்கின்றன. கோவையின் நூற்பாலைகளிலும் பெருந்துறை சிப்காட்டிலும் பொள்ளாச்சியின் தென்னை நார் ஆலைகளிலும் பெண்கள் இருக்கிறார்கள். விளாங்குறிச்சி டைடல் பார்க், சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கத்து ஐ.டி. நிறுவனங்களுக்குக் காலையில் கிளம்பும் இளம் தாய்மார்களும் உண்டு.

முன்பு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மாயி இருந்தார், அப்பத்தா இருந்தார். இன்றும் இருக்கிறார்கள், ஆனால் கோபியிலும் காங்கேயத்திலும் தாராபுரத்திலும் இருக்கிறார்கள். தோட்டத்தையும் மாட்டையும் விட்டுவிட்டு வந்து சரவணம்பட்டி அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் மாதக்கணக்கில் அவர்களால் தங்க முடிவதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பல்லடம், அரசூர், சூலூர் பக்கம் லைன் வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்களுக்கோ கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரப் பாட்டியே இல்லை. அங்கே பல வேளைகளில் எட்டு வயது அக்காளின் இடுப்பில்தான் ஒரு வயதுத் தம்பி இருக்கிறான்.

சட்டம் இந்தத் தேவையைக் காணாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் அதே கடமையை வைத்தது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றது. இப்போதைய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் அந்த 50 என்ற எண்ணையே ஒட்டி நிற்கின்றன.

ஆனால் கொங்கு நாட்டின் தொழில் பெரிய ஆலைகளோடு முடிந்துவிடுவதில்லை. கணபதி, சின்னவேடம்பட்டிப் பட்டறைகளில் பத்துப் பேர், பதினைந்து பேர் வேலை செய்கிறார்கள். சோமனூர் விசைத்தறிக் கூடங்களில் ஒரு குடும்பமும் நான்கு ஆட்களும் இருப்பார்கள். திருப்பூரின் ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் இருபது தையல் மிஷின்கள் ஓடும். இவற்றில் எதுவும் 50ஐத் தொடுவதில்லை. அங்கன்வாடிகள் உண்டு, 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. நம் மாநிலத்தின் பெருமைகளில் அவை ஒன்று. ஆனால் நாள்முழுக்கத் தங்கும் ஏற்பாடு அங்கே இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளுக்குத்தான்; அதுவும் மாலைக்கு முன்பே முடிந்துவிடும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் தாய் இரவு எட்டரைக்கு அல்லவா வெளியே வருகிறாள்?

இந்த இடைவெளியைத்தான் பக்கத்துத் தெருப் பெண்கள் நிரப்புகிறார்கள். சிலர் 'டே கேர்' என்று பலகை வைக்கிறார்கள். பலரிடம் பலகைகூட இல்லை. "அந்தக்கா நல்லாப் பாத்துக்குவாங்க" என்ற வாய்ச்சொல்தான் அவர்களுக்கு விளம்பரம். இவர்களில் பெரும்பாலோர் பொறுமையும் பாசமும் உள்ளவர்கள். இவர்கள் ஒரு வாரம் கதவைச் சாத்தினால் கோவையின் எத்தனையோ மேசைகளும் மிஷின்களும் காலியாக இருக்கும். இந்தப் பேச்சை அவர்களுக்கு நன்றி சொல்லியே தொடங்க வேண்டும்.

துயரத்துக்குப் பின் வரும் விதிகள்

நம் மாநிலத்தில் குழந்தைப் பாதுகாப்பு விதிகள் பிறந்த வரலாறு வலி தருவது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பிறகுதான் கீற்றுக் கூரைகள் பள்ளிகளிலிருந்து இறங்கின. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் வந்தன. 2014 ஜூனில் நம் பொள்ளாச்சியில், ஒரு தனியார் விடுதியில் தங்கியிருந்த இரண்டு சிறுமிகள் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். அந்த ஆண்டிலேயே பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்களை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு சட்டம் நிறைவேறியது. உரிமம் இல்லாமல் விடுதி நடத்த முடியாது என்றானது.

2025இலும் இது ஓயவில்லை. ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து எல்.கே.ஜி. சிறுமி இறந்தாள். ஏப்ரல் இறுதியில் மதுரை கே.கே.நகரில் ஒரு மழலையர் பள்ளி வளாகத்தின் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து நான்கு வயதுச் சிறுமி இறந்தாள். இரண்டு இடங்களிலும் பிள்ளையின் உயிருக்கும் சாவுக்கும் நடுவே இருந்தது ஒரு தொட்டி மூடி. அந்த மூடியைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். யாராவது ஒருவர் போய்ப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போதுள்ள சட்டங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். பெற்றோரை இழந்த, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகள் தங்கும் இல்லங்களுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இருக்கிறது. ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் உள்ளிட்ட மூவருக்குக் குறையாத குழு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வோர் இல்லத்தையும் பார்க்க வேண்டும் என்கிறது அதன் 54ஆவது பிரிவு. விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம். விளையாட்டுப் பள்ளிகளுக்குக் கல்வித் துறையின் 2015ஆம் ஆண்டு நெறிமுறைகள். நிறுவனக் காப்பகங்களுக்குத் தொழிலாளர் சட்டங்கள். மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024இல் காப்பகங்களுக்கான குறைந்தபட்சத் தரங்களையும் வெளியிட்டிருக்கிறது. இத்தனை இருந்தும், தன் வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஒரு பக்கம் இல்லை. குழந்தையை அடித்தால், கொடுமைப்படுத்தினால் தண்டிக்க இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு உண்டு. ஆனால் அது நடந்த பின்பு வருவது. நடக்குமுன் போய் நிற்பதற்குத்தான் ஆள் இல்லை.

இதே 1948இல், நாம் ஆலைகளில் காப்பகம் வேண்டும் என்று சட்டம் எழுதிய ஆண்டில், பிரிட்டன் இன்னொரு சட்டம் எழுதியது: வீட்டில் வைத்துப் பிறர் பிள்ளைகளைப் பார்ப்பவர்கள் உள்ளாட்சி அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். ஆலையில் இருக்கும் குழந்தையை இரு நாடுகளும் கண்டன. வீட்டில் விடப்படும் குழந்தையை நாம் மட்டும் இன்னும் காணவில்லை.

ஏன் சொல்லாமல் போக வேண்டும்?

கோவைக்காரர்களுக்கு ஆய்வு என்றால் என்னவென்று தெரியும். ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறப்பதற்கு முன் பி.ஆர்.எஸ். மைதானத்தில் பள்ளி வாகனங்கள் வரிசையாக நிற்கும். அவசர வழி திறக்கிறதா, தீயணைப்பான் இருக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா, தளம் உறுதியாக இருக்கிறதா என்று அதிகாரிகள் ஏறி இறங்கிப் பார்ப்பார்கள். மிக அவசியமான பணி அது. வாகனத்துக்கு அது பொருந்தும். இரும்புத் தளம் ஒரே இரவில் மாறிவிடாது. ஆனால் பிள்ளை பார்ப்பது ஒவ்வொரு மணி நேரமும் மாறுகிற வேலை. வரும் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனால், வெள்ளிக்கிழமை பதினொரு மணி எப்படி இருக்கும் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். வீடு பெருக்கியிருக்கும். பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஐந்து இருக்கும். உதவிக்கு நாத்தனார் வந்திருப்பார்.

குழந்தை வாழ்வது சாதாரணச் செவ்வாய்க்கிழமையில். மதியம் இரண்டு மணிக்கு, சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொருகும் நேரத்தில், அந்த வீட்டில் விழித்திருப்பது யார்? எட்டு மாதக் குழந்தை மல்லாந்து படுத்திருக்கிறதா, கனத்த தலையணையில் முகம் புதைந்திருக்கிறதா? பால் குடித்த உடனே படுக்கவைத்துவிட்டார்களா? சமையலறைக்குள் தவழ்ந்து போகத் தடுப்பு உண்டா? கொசுவிரட்டித் திரவம் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா? குளியலறை வாளியில் தண்ணீர் நிறைத்து வைத்திருக்கிறார்களா? தவழும் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரே ஆபத்து.

நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். சிறுவாணித் தண்ணீரும் பில்லூர்த் தண்ணீரும் எல்லா வார்டுகளுக்கும் எல்லா நாளும் வருவதில்லை. அதனால் கோவையில் வீட்டுக்கு வீடு தரைக்கு அடியில் தொட்டி இருக்கிறது. தண்ணீர் விடும் நாளில் சம்ப் மூடி திறந்திருக்கும். குழாயைப் பார்க்கவும் மோட்டார் போடவும் வீட்டுப் பெண் ஓடும் அதே நேரத்தில்தான் குழந்தைகளும் வாசலில் விளையாடுகின்றன. பூட்டுள்ள மூடி ஒன்று இந்தப் பேராபத்தைத் தீர்த்துவிடும். முன்கூட்டிச் சொல்லிப் போகிற நாளில் எந்த வீட்டிலும் சம்ப் மூடி திறந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு, சொல்லக் கூசினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அழுகிற பிள்ளையைத் தூங்கவைக்கச் சளி மருந்து கொடுக்கும் பழக்கம். குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று புட்டியிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. பிள்ளை பார்க்கும் வீட்டின் அலமாரியில் அந்தப் புட்டி ஏன் இருக்கிறது என்று கேட்க ஒருவர் வேண்டும்.

2016 நவம்பரில் நவி மும்பையின் கார்கரில் ஒரு காப்பகத்தில் பத்து மாதக் குழந்தையை ஆயா அடித்து உதைத்த காட்சி நாட்டையே உலுக்கியது. அந்த இடத்தில் கேமரா இருந்தது. குழந்தையின் உடம்பில் காயத்தைக் கண்டு பெற்றோர் கேட்ட பிறகுதான் அந்தப் பதிவு வெளியே வந்தது. கேமரா நடந்ததைச் சேமித்து வைக்கும்; நடக்கும்போது தடுக்க மனிதர் வர வேண்டும். எந்த நேரமும் யாரும் வரலாம் என்ற நினைப்பு ஓங்கும் கையைத் தடுக்கும். பத்து மாதக் குழந்தை மாலையில் வீட்டுக்கு வந்து, பகலில் என்ன நடந்தது என்று அம்மாவிடம் சொல்லாது. பேசத் தெரியாத பிள்ளைக்காகப் பேச ஊர் போக வேண்டியிருக்கிறது.

நியாயமான அச்சங்கள்

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை வெறும் சாக்குகள் என்று தள்ளிவிட முடியாது. "ஏனுங்க, என் பேரன் பேத்தியாட்டப் பாத்துக்கறேன், என்னையப் போயி சோதிக்க வர்றீங்களா?" என்று ஒரு பெண் கேட்டால், அந்தக் கேள்வியில் இருக்கும் வலி உண்மையானது. அவருக்கு மரியாதையான பதில் தர வேண்டும்.

முதல் அச்சம், வீட்டின் அந்தரங்கம். அது அவர் குடியிருக்கும் வீடு. கணவர், மாமியார், கல்லூரி போகும் மகள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். ஆகவே வருகைக்கு எல்லை வேண்டும். பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் மட்டும் வர வேண்டும். பிள்ளைகள் புழங்கும் கூடம், தூங்கும் அறை, சமையலறை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி ஆகியவற்றை மட்டும் பார்க்க வேண்டும். வருகிறவர்கள் பெண்களாக இருக்க வேண்டும். அடையாள அட்டையைக் காட்டிவிட்டே உள்ளே வர வேண்டும். குழந்தைகளைப் படம் எடுக்கக் கூடாது. பீரோவைத் திறக்கவோ சாதியையும் வாடகையையும் விசாரிக்கவோ அவர்களுக்கு வேலை இல்லை. தொலைக்காட்சிக் கேமராவைக் கூட்டிக்கொண்டு போகும் 'அதிரடி ரெய்டு' இங்கே முழுவதுமாகத் தடை செய்யப்பட வேண்டும்.

இரண்டாவது அச்சம், மாமூல். ஆய்வு என்ற சொல்லைக் கேட்டதும் சிறு தொழில் செய்பவரின் கை சட்டைப்பைக்குப் போகிறது என்றால், அதற்கு நம் நிர்வாகப் பழக்கம்தான் காரணம். இதற்கும் வழி உண்டு. எந்த வீட்டுக்கு யார் போவது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யட்டும். இரண்டு பேராகவே போகட்டும். ஒருவர் வேறு வார்டைச் சேர்ந்தவராக இருக்கட்டும். ஒரே பக்கத்தில் அச்சிட்ட கேள்வித்தாள் இருக்கட்டும். அதை நிரப்பி, அன்றைக்கே ஒரு படியை வீட்டுக்காரப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு வரட்டும். அவர் எதிர்ப்பு எழுத அதிலேயே இடம் இருக்கட்டும்.

மூன்றாவது அச்சம்தான் மிகப் பெரியது: இப்படியெல்லாம் கெடுபிடி செய்தால் வீடுகளை மூடிவிடுவார்கள், தாய்மார்கள் வேலையை விட்டு நிற்க வேண்டியதுதான் என்பது. சீல் வைப்பதை முதல் மருந்தாக எடுத்தால் அது அப்படியே நடக்கும். ஆகவே குறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடித்தல், மயக்க மருந்து, பாலியல் தீங்கு, குழந்தைகளைத் தனியே பூட்டிவிட்டுப் போதல் ஆகியவற்றுக்கு அன்றைக்கே நடவடிக்கை வேண்டும். போக்சோ சட்டத்தில் வரும் குற்றம் தெரிந்தால் புகார் செய்வது எல்லோருக்கும் சட்டக் கடமை. மூடியில்லாத சம்ப், தாழ்வான மாடிச் சுவர், ஒருவர் பார்க்க முடியாத அளவுக்குக் கூட்டம் போன்றவற்றுக்கு நாள் குறித்துத் தர வேண்டும். சரிசெய்ய உதவவும் வேண்டும். விரிப்பு பழசு, பொம்மை குறைவு என்பவற்றை எழுதவே வேண்டாம்.

உலகம் இதைச் செய்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டின் சட்டம், அரசின் உதவித்தொகை பெறும் உரிமமுள்ள பராமரிப்பாளர் ஒவ்வொருவரையும், வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் உட்பட, ஆண்டுக்கு ஒரு முறையாவது முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்யவும், முடிவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடவும் மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியது. நம் உறவினர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில், 2023இல் ஒரு மழலையர் பள்ளியில் குழந்தைக்கு வலிந்து தண்ணீர் புகட்டிய காட்சி வெளியானதும், 2024 ஜூலை முதல் மழலையர் பள்ளிகளில் கேமரா கட்டாயமானது. அந்தச் செல்வ நாடுகளின் விதிப் புத்தகத்தை அப்படியே இங்கே இறக்க வேண்டியதில்லை. அந்த அமெரிக்கச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டே: சொல்லாமல் போவது, பார்த்ததை ஒளிக்காமல் சொல்வது.

எல்லோருக்கும் ஒரு பங்கு

இது அரசு மட்டும் செய்து முடிக்கிற வேலை இல்லை. ஆனால் அரசுதான் தொடங்க வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட நிர்வாகங்கள் ஒரு முன்னோட்டத்தை இப்போதே ஆரம்பிக்கலாம். ஆள் இல்லாமல் இல்லை: ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மேற்பார்வையாளர்கள், நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியர்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மகளிர் சுய உதவிக் குழுக்கள் எல்லாம் ஏற்கெனவே தெருத்தெருவாக நடப்பவர்கள். அவர்களுக்கு இருக்கும் சுமை நமக்குத் தெரியும். அதனால் இதைக் கூடுதல் வேலையாகத் தலையில் கட்டாமல், தனிப் பயிற்சியும் தனி ஊதியமும் கொடுத்து ஒப்படைக்க வேண்டும்.

பதிவு எப்படி இருக்க வேண்டும்? ஒரே பக்கம், தமிழில், கட்டணம் இல்லாமல், வார்டு அலுவலகத்தில் அல்லது கைப்பேசியில் முடிந்துவிட வேண்டும். பதிவு செய்தவருக்குப் பதிலுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும்: முதலுதவிப் பயிற்சி, தொண்டையில் ஏதாவது சிக்கினால் என்ன செய்வது என்ற செய்முறை, சம்புக்குப் பூட்டுள்ள மூடி, மாடிப்படிக்குத் தடுப்பு, கடன் வேண்டுமென்றால் சுய உதவிக் குழு வழியே பரிந்துரை. பதிவு எண்ணை வாசலில் மாட்டிக்கொண்டால் அதுவே அவருக்கு நம்பிக்கைப் பத்திரம் ஆகும். அவரிடம் பிள்ளையை விட இன்னும் இரண்டு தாய்மார்கள் வருவார்கள். மறைந்து நடத்துவதைவிடப் பதிவு செய்து நடத்துவது லாபம் என்ற நிலையை உண்டாக்கினால், தேடிப் பிடிக்க வேண்டிய வேலையே பாதி குறையும்.

கோவை மாநகராட்சியின் 100 வார்டுகளிலும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தங்கள் வார்டில் பிள்ளை பார்க்கும் வீடுகள் எத்தனை, எந்தெந்தத் தெருவில் என்று ஒரு பட்டியல் எடுப்பதை அவர்கள் முதல் பணியாக ஏற்க வேண்டும். ஊராட்சிகளில் குழந்தைப் பாதுகாப்புக் குழுக்கள் அரசாணையில் இருக்கின்றன. அவை கூடுவதும் ஊர் அறிய வேண்டிய செய்தி.

தொழிலதிபர்களின் பங்கு பெரியது. பஞ்சாலையும் பம்பும் பனியனும் செய்து உலகத்துக்கு அனுப்பும் மண் இது. துணி கப்பலேறும் முன், வெளிநாட்டு வாங்குவோர் சொல்லாமல் வந்து தையல் கூடத்தைப் பார்ப்பதைத் திருப்பூர் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த ஆய்வுக்குப் பழகியதால் தொழில் அழியவில்லை, ஆர்டர் வந்தது. 50 பேருக்குக் கீழே உள்ள யூனிட்டுகள் ஐந்தாறு சேர்ந்து, அருகில் இருக்கும் பதிவு பெற்ற வீடு ஒன்றோடு ஏற்பாடு செய்துகொள்ளலாம். மாதக் கட்டணத்தில் பாதியை முதலாளிகள் தரலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் தாயை உடனே அனுப்பிவைப்பதற்குச் சட்டம் தேவையில்லை.

பெற்றோர்களே, உங்களுக்கும் பங்கு உண்டு. நீங்கள்தான் முதல் ஆய்வாளர். பிள்ளையை விடும்போதே, "நடுவில் எப்ப வேண்டுமானாலும் வந்து பார்ப்போங்கக்கா" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். சொன்னபடி மாதத்துக்கு ஒருமுறையாவது வேளை கெட்ட வேளையில் போய் நில்லுங்கள். நேர்மையாகப் பார்ப்பவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். வாசலோடு பேசி அனுப்புகிற வீட்டில், உள்ளே விடாமல் பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு வந்து கொடுக்கிற வீட்டில், காரணம் கேளுங்கள். யார் வந்தால் பிள்ளையைக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். குறைந்த கட்டணத்துக்காக ஒருவரிடம் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்பதைக் கண்டும் காணாமல் இருக்காதீர்கள். மாதம் பிறந்ததும் பணத்தைத் தந்துவிடுங்கள்; தாமதமாக அழைத்துப் போன நாளுக்குச் சேர்த்துக் கொடுங்கள். களைத்துப்போன கைகளில் பிள்ளையை விட்டுவிட்டுக் கனிவை எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

அக்கம்பக்கத்தாரே, சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் நெடுநேரம் விடாமல் அழுதால் "நமக்கெதுக்கு வம்பு" என்று டி.வி. சத்தத்தைக் கூட்ட வேண்டாம். முதலில் கதவைத் தட்டி, "கொஞ்ச நேரம் நான் தூக்கி வெச்சுக்கட்டுங்களா?" என்று கேளுங்கள். பல நேரம் அந்தப் பெண்ணுக்கு வேண்டியது அதுதான். சந்தேகம் தீராவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இருக்கிறது. வடக்கிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் அடங்கியவர்கள். அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் உரிமையாளர்கள் நம் ஊர்க்காரர்கள். வாடகை வாங்கும் கைக்கு அந்தப் பிள்ளைகளின் மீது ஒரு கண் வைக்கும் பொறுப்பும் உண்டு.

பிள்ளை பார்க்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அரசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வார்டில் இருக்கும் ஏழெட்டுப் பேர் சங்கமாகச் சேருங்கள். ஒருவர் வீட்டை இன்னொருவர் சொல்லாமல் போய்ப் பார்த்து, குறையை எடுத்துச் சொல்லும் வழக்கத்தை நீங்களே தொடங்கலாம். ஒருவருக்கு உடம்பு முடியாத நாளில் மற்றவர் கை கொடுக்கலாம். ஒருவருக்கு இத்தனை பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம் என்று நீங்களே வரையறை வைத்துக்கொண்டால், விலையைக் குறைத்துக் கூட்டம் சேர்ப்பவரோடு போட்டிபோட வேண்டிய நிலையும் மாறும். 1969இல் டெல்லியில் மீரா மகாதேவன் கட்டட வேலை நடக்கும் இடத்தில் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகத்தைத் தொடங்கியபோது எந்த விதியும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுவே 'மொபைல் கிரெச்சஸ்' அமைப்பாக வளர்ந்து, காப்பகத்தின் தரம் பற்றி அரசுக்கு எடுத்துச் சொல்லும் இடத்துக்கு வந்தது. தொழிலை மதிப்பவர்கள் வகுக்கும் விதிதான் நிலைக்கும்.

இனிச் செய்ய வேண்டியது

பள்ளி வாகனங்களைப் பார்ப்பதற்கு ஒரு மே மாதம் இருப்பதுபோல், பிள்ளை பார்க்கும் வீடுகளுக்கு ஒரு பதிவு மாதத்தை மாவட்ட நிர்வாகங்கள் அறிவிக்கட்டும். அந்த மாதத்தில் தாமாக வந்து பதிவு செய்யும் யார் மீதும் பழைய குறைகளுக்காக நடவடிக்கை இல்லை என்று ஆட்சியர் உறுதி சொல்லட்டும். முதல் வருகை எல்லா வீடுகளுக்கும் நாள் சொல்லியே நடக்கட்டும். அதில் கற்றுக்கொடுங்கள், மூடியும் தடுப்பும் பொருத்திக்கொடுங்கள். அதற்கு அடுத்த வருகையிலிருந்து நாள் சொல்ல வேண்டாம். ஓராண்டு முடிவில் எத்தனை வீடுகள் பதிவாயின, எத்தனை குறைகள் தீர்ந்தன, எத்தனை இடங்களில் குழந்தைகளை மாற்ற வேண்டி வந்தது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை வைத்துச் சட்டமன்றம் மாநிலம் முழுவதற்கும் ஒரு சட்டத்தை எழுதட்டும்.

கும்பகோணத்துக்குப் பிறகும், பொள்ளாச்சிக்குப் பிறகும், மதுரைக்குப் பிறகும் நாம் விழித்தோம். இந்த ஒரு விஷயத்தில் கோவை முன்பே விழித்துக்கொண்ட ஊர் என்று பெயர் எடுக்கலாம். அதற்கு வேண்டியவை பெரிய நிதியோ புதிய கட்டடமோ அல்ல. ஒரு பதிவேடு, பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள், சொல்லாமல் வருகிறவரை "வாங்க கண்ணு, உள்ள வந்து பாருங்க" என்று கூப்பிடும் நம்பிக்கை, அந்த நம்பிக்கைக்குத் துரோகம் செய்யாத நிர்வாகம். பதிவேட்டை அரசு திறக்கட்டும். மற்றதை நாம் எல்லோரும் சேர்ந்து செய்வோம்.